இரவல் தனிமை

அத்தியாயம் 4

சிட்லபாக்கம் ஏரியிலிருந்து தீயணைப்புத் துறையின் ரப்பர் படகு மறுபடியும் கரைக்கு வந்தது. இந்த முறை அதில் ஒரு செருப்பு இருந்தது. ஆண் செருப்பு. கரையில் நின்ற கூட்டம் மூச்சை விட்டது. அது நிம்மதியா ஏமாற்றமா என்று சுந்தரவல்லியால் பிரித்தறிய முடியவில்லை.

செருப்பைப் பார்த்த பிறகும் ஸ்ரீநிவாசன் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவருடைய மகள் ஜெயப்ரியா, மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலைக்கு நேற்றுக் காலை வழக்கம்போலக் கிளம்பியவள், அங்கே போய்ச் சேரவில்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை. வண்டலூரில் ரயில் நின்றதும் திடீரென்று எழுந்து இறங்கிப் போனாள், கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை என்று தினமும் கூட வரும் பெண் சொன்னாள். இரவு அவர் மகளின் மேஜையில் இருந்த டேப் ரெக்கார்டரை அழுத்திப் பார்த்தார். உள்ளே ஒரு கேசட் இருந்தது. அதைக் கேட்ட போலீஸ்காரர்கள் வேறெங்கும் தேடாமல் நேராக ஏரிக்குப் படகை வரவழைத்துவிட்டார்கள்.

விடிந்ததும் ஸ்ரீநிவாசன் மேற்குத் தாம்பரத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த சுந்தரவல்லியின் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை. என் மகள் உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு யாராவது ஒருவர் தேட வேண்டும், அதற்குத்தான் வந்தேன் என்றார். சொல்லிவிட்டு, அவர் மட்டும் ஏரிக்கரைக்கே திரும்பிப் போனார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே சுந்தரவல்லி வழக்கை எடுத்துக்கொண்டாள்.

"காலைலேர்ந்து அவரு வூட்டுக்குப் போன் போட்டுக்கினே கீறேன்க்கா," என்றான் குணா, தன் செல்போனைச் சட்டையில் துடைத்தபடி. முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டியவன். நாற்பதை நெருங்கிய பிறகு அவளுடைய உதவியாளனாக ஆனவன். "எங்கேஜ்டு. மனுசன் இங்க நிக்கிறாரு. அப்ப போனு யாராண்ட பேசிக்கினு கீது?"

அவள் ஸ்ரீநிவாசனின் முழங்கையைத் தொட்டு, கேசட்டைக் கேட்க வேண்டும் என்றாள்.

வீடு அடுத்த தெருவிலேயே இருந்தது. மனைவி இறந்த பிறகு அப்பாவும் மகளும் மட்டும் இருந்த வீடு. கூடத்தில் தொலைபேசியின் மேல் ஒரு ஈரத்துண்டு கிடந்தது. நேற்றிரவு மழையில் அலைந்துவிட்டு வந்து எறிந்தது. அதை எடுத்துக் காயப்போடக்கூட அந்த வீட்டில் இப்போது ஆள் இல்லை.

சுந்தரவல்லி பொத்தானை அழுத்தினாள்.

ஜெயப்ரியாவின் குரல் ஆங்கிலத்தில் பேசியது. நிதானமான, பழகிப் பழகித் திருத்திக்கொண்ட குரல். முதலில் ஒரு சொல். பிறகு அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம். சேலையூரில் அவள் படிக்கப் போகும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பின் கடைசிப் பயிற்சி அது என்றார் ஸ்ரீநிவாசன். வகுப்பு முந்தாநாள் முடிந்துவிட்டதாம், கேசட்டைக் கொடுக்க மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டாளாம். குணாவுக்காக சுந்தரவல்லி ஒவ்வொன்றையும் மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

'சிங்கிள். என் சமையலறையில் கழுவுவதற்கு ஒரு சிங்கிள் தட்டுதான் கிடக்கும்.'

'சாலிட்டரி. வீட்டுக்குப் பின்னால் ஒரு சாலிட்டரி தென்னைமரம் நிற்கிறது. அதைப் பார்த்தபடி காபி குடிப்பேன்.'

'சோல். வாசல் சாவிக்கு நான் சோல் சொந்தக்காரி. வேறு யாரிடமும் சாவி இல்லை.'

'அலோன். அலோனாக இருப்பது பழகிவிட்டது.'

'லோன்லி. ஞாயிற்றுக்கிழமை போன் அடித்துக்கொண்டிருந்தவரை நான் லோன்லியாக இருந்ததில்லை.'

கடைசி வாக்கியத்துக்கு முன்னால் ஒரு இடைவெளி. தெருவில் போன ஐஸ் வண்டியின் மணிகூட அதில் பதிவாகியிருந்தது.

'ஒன்லி. ஒன்லி ஒன் திங் ஈஸ் லெஃப்ட். மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். வகுப்பு முடிந்ததும் அதையும் செய்துவிடுவேன்.'

பொத்தான் எழும்பும் சத்தம். அவ்வளவுதான்.

ஸ்ரீநிவாசன் சுவரைப் பார்த்து நின்றார். சுந்தரவல்லி எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்தாள். அங்கே தென்னைமரம் இல்லை. ஒரு முழத்துக்கு அப்பால் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுவர் எழும்பி வானத்தை மறைத்தது. இங்கே எப்போதாவது மரம் இருந்ததா என்று கேட்டாள். இல்லை, கற்பனையாகச் சொல்லியிருப்பாள், பாவம், பார்க்கக்கூட ஒரு மரம் இல்லாமல் வைத்திருந்தேன் என்றார். தட்டைப் பற்றிக் கேட்டாள். தான் முன்னாலேயே சாப்பிட்டுவிட்டுச் செய்தி பார்க்க உட்கார்ந்துவிடுவதாகவும், வேலையிலிருந்து வருகிறவள் தனியாகச் சாப்பிடுவதாகவும் சொன்னார். சாவி அவர் இடுப்பிலேயே தொங்கியது. என்னிடம் ஒரு சாவி இருந்தாலும் நான் இல்லாத மாதிரிதானே இருந்திருக்கிறேன் என்றார்.

எந்த வாக்கியமும் இந்த வீட்டுக்குப் பொருந்தவில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் அவர் நெருக்கி, திருகி, தன்மேல் பொருத்திக்கொண்டிருந்தார். மகள் ஏன் போனாள் என்று தெரியாமல் இருப்பதைவிடத் தன்னால் போனாள் என்று இருப்பது அவருக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது. சுந்தரவல்லிக்கு அது புரிந்தது. புரிந்ததால் அவரை மறுத்துப் பேச வாய் வரவில்லை.

*

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு, சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் நடந்தது. அதை நடத்தும் ஏசுபாதம் ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் போய், அன்று காலைதான் திரும்பியிருந்தார். பூட்டைத் திறந்துகொண்டிருந்தவரிடம், அவருடைய மாணவி ஒருத்தியை ஏரியில் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று படிக்கட்டிலேயே சொல்ல வேண்டியிருந்தது. அவர் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு அவர்களை உள்ளே அழைத்தார்.

உள்ளே கரும்பலகையில் அந்த ஆறு சொற்கள் இன்னும் அழியாமல் இருந்தன. இதையெல்லாம் எதற்குச் சொல்லிக் கொடுக்கிறீர்கள், எல்லாமே தனி என்றுதானே அர்த்தம் என்று சுந்தரவல்லி கேட்டாள். கேட்டதில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

தமிழில் நாம் எல்லாவற்றையும் 'தனி' என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுகிறோம், அதனால்தான் என்றார் அவர். 'சிங்கிள்' வெறும் எண்ணிக்கை, அதற்கு மனசு கிடையாது. 'சோல்' உரிமையைச் சொல்வது, பொறுப்பைப் பகிர ஆள் இல்லை என்பது. 'சாலிட்டரி' தூரத்தில் நின்று பார்க்கிறவர் சொல்வது. 'அலோன்' என்பது பக்கத்தில் ஆள் இல்லை என்ற தகவல். 'ஒன்லி' ஒரு வேலி, ஒன்றை உள்ளே விட்டு மற்றதையெல்லாம் வெளியே நிறுத்திவிடும்.

"லோன்லி?" என்றாள்.

"அதை மட்டும் உள்ளேயிருந்துதான் சொல்லணும், மேடம். கல்யாண மண்டபத்துல நடுவுல நின்னுக்கிட்டும் சொல்லலாம்."

சுந்தரவல்லி கரும்பலகையைப் பார்த்தாள். வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் வீட்டுக்காரர்கள், நீங்க மட்டும்தானா என்று கேட்பார்கள். ஆமாம் என்பாள். அவர்கள் எந்தச் சொல்லைக் கேட்டார்கள், அவள் எதற்கு ஆமாம் சொன்னாள் என்று இதுவரை யோசித்ததில்லை. இப்போதும் யோசிக்க விருப்பமில்லை.

"நம்ம ஏரியால எல்லாத்துக்கும் ஒன்லிதான் சார்," என்றான் குணா. "'நான் தாம்பரம் ஒன்லி.' 'டீ குட்ச்சேன் ஒன்லி.' மத்த அஞ்சும் சும்மாதான் கீது."

ஏசுபாதம் சிரிக்கவில்லை.

ஜெயப்ரியாவின் கேசட்டில் இருந்ததை சுந்தரவல்லி அவரிடம் சொல்லவில்லை. இதே பயிற்சியை வேறு யாராவது செய்த கேசட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். ஆங்கிலத்தில் பேசும்போது எல்லாருமே இப்படி இருட்டாகத்தான் பேசுகிறார்களா என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. கடைசி வகுப்பன்று மாணவர்கள் கொடுத்துவிட்டுப் போன கேசட்டுகள் அலமாரியில் கிடந்தன. அவர் கைக்கு வந்த ஒன்றைப் போட்டார். அவரும் இன்னும் எதையும் கேட்கவில்லையாம்.

வயதான பெண்ணின் குரல். நடுக்கம் இருந்தது, ஆனால் தயக்கம் இல்லை.

'சிங்கிள். மழை நாளில் என் அப்பா ஒரு சிங்கிள் குடையை எடுத்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு வருவார். என் பையில் இன்னொரு குடை இருக்கிறது. அதை அவரிடம் சொன்னதில்லை.'

சுந்தரவல்லி தமிழில் சொல்லி முடித்ததும் குணா விரலை விட்டுக் காதைக் குடைந்தான்.

"இன்னாக்கா இது? இந்தம்மாக்கே அறுவது இருக்கும் போல கீது. அப்பாக்கு இன்னா வயசு இருக்கும்? அவரு கொடைய எடுத்துக்கினு வருவாரா, கொட அவர இட்டுக்கினு வருமா?"

"அது அவங்க அப்பா இல்ல," என்றார் ஏசுபாதம் சாதாரணமாக.

சுந்தரவல்லி டேப்பை நிறுத்தினாள்.

அவர் விளக்கினார். தன்னைப் பற்றிப் பேசச் சொன்னால் நம் ஆட்கள் வெட்கப்பட்டுக்கொண்டு, என் பெயர் இது, என் ஊர் இது என்பதோடு நிறுத்திவிடுவார்கள். அதனால் அவருடைய வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிடுவார். ஒருவர் தன் வாழ்க்கையிலிருந்து உண்மையான வாக்கியங்களை மற்றவரிடம் சொல்ல வேண்டும். கேட்டவர் அதை 'நான்', 'என்' என்று தன்னுடையது போலவே பேசிப் பதிவு செய்ய வேண்டும். பொய் சொல்லக் கூடாது, மாற்றவும் கூடாது. அடுத்தவர் வாழ்க்கை என்றால் யாருக்கும் வெட்கம் வருவதில்லை, நாக்கு தானாகப் புரளும்.

"இவங்களோட ஜோடி யாரு, சார்?"

கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. ஸ்டேஷனிலிருந்து வரும் பெண். குடையோடு நிற்கும் அப்பா.

"ஜெயப்ரியா."

ஒரு தட்டு, ஒரு தென்னை, ஒரு சாவி, நின்றுபோன போன். அந்த வீட்டை சுந்தரவல்லி இப்போது பார்த்தாள். இதுவரை அவர்கள் தேடிக்கொண்டிருந்த சாவு ஜெயப்ரியாவுடையது அல்ல. அந்தச் சாவுக்குரியவரை யாருமே தேடவில்லை. காணாமல் போனால் புகார் கொடுக்க ஒருவராவது வேண்டும் அல்லவா.

ஜெயப்ரியாவின் கடைசி வாக்கியத்தை அப்போதுதான் ஏசுபாதத்திடம் சொன்னாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தம்மாவின் பெயர் அபிதகுஜாம்பாள் என்பதும், சேலையூரிலேயே உள்தெருவில் வீடு என்பதும் மெதுவாகத்தான் வந்தன. கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. நாக்பூரில் இருந்த தங்கை ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்வாளாம். அந்தத் தங்கை இறந்துவிட்டாள். தங்கையின் பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. அவர்களோடு பேசத்தான் இந்த வயதில் இங்கிலீஷ் படிக்க வந்தாராம்.

படிக்கட்டில் தாவி இறங்கும்போதும் குணாவால் சும்மா இருக்க முடியவில்லை. ஆனால் அவன் குரல் இறங்கியிருந்தது.

"இம்மாம் பெரிய பேர வச்சிக்கினு ஒத்தையா இருந்துச்சாக்கா அந்தம்மா? அந்தப் பேருக்குள்ளயே ஒரு குடும்பம் குடியிருக்கலாம்."

*

தென்னைமரம் தெருமுனையிலேயே தெரிந்தது. சுற்றிலும் புதுக் கட்டடங்கள். எல்லாவற்றுக்கும் நடுவில், யாரோ வெட்ட மறந்ததுபோல அது நின்றது. வண்டி நிற்பதற்கு முன்பே சுந்தரவல்லி குதித்தாள். வாசல் கதவு உள்ளே பூட்டியிருந்தது. வாசற்படியில் பால் பாக்கெட் கிடந்தது. அவள் கதவைத் தட்டினாள், பிறகு அடித்தாள். குணா மதிலைத் தாண்டிப் பின்பக்கம் ஓடினான்.

பின்கதவின் தாழ்ப்பாள் பெயர்ந்து தொங்கியது. பக்கத்தில் ஒரு அம்மிக் குழவி. உள்ளே யாரும் இல்லை. சமையலறைத் தொட்டியில் ஒரு தட்டு இருந்தது. படுக்கையறைத் தரையில் ஒரு டம்ளர் உருண்டு கிடந்தது, அதன் பக்கத்தில் மருந்துக் கடைத் தாளுறை. குணா அதைப் பார்த்தான், சுந்தரவல்லியைப் பார்த்தான். நகைச்சுவையாக ஒன்றும் சொல்லவில்லை.

எதிர்வீட்டில் துணிக்கடை வைத்திருப்பவரின் மனைவி ஹஃபீசா, சத்தம் கேட்டு வெளியே வந்திருந்தாள். நேற்று ஒரு பெண் வந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள், பிறகு பின்னால் ஏதோ உடையும் சத்தம், ஓடிப்போய்ப் பார்த்தால் அந்தப் பெண் அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு இழுத்து வருகிறாள் என்றாள். அவள் கணவர்தான் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டாராம்.

"மகளா இருக்கும்னு நெனச்சேன்க்கா. அந்த அழு அழுதுச்சு. எங்கேயோ வேலைல இருக்கற மகளாக்கும்னு நெனச்சுட்டேன். இத்தனை வருசமா எதிர்ல இருக்கேன், அவங்களுக்கு மகளே இல்லைங்கிறதே எனக்குத் தெரியல."

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாள் சுந்தரவல்லி. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் என்றாள் ஹஃபீசா.

*

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நீளமான பெஞ்சில் ஜெயப்ரியா உட்கார்ந்திருந்தாள். கசங்கிய சுடிதார், கழுத்தில் இன்னும் தொழிற்சாலையின் அடையாள அட்டை. மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். சுந்தரவல்லி பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் அப்பா அனுப்பினார் என்றதும் அவள் உடைந்தாள்.

நேற்று மதியத்திலிருந்து கீழே இருக்கும் காயின் போனுக்கு ஓடி ஓடி வீட்டுக்கு அடித்தாளாம். எப்போது அடித்தாலும் எங்கேஜ்டு, இல்லாவிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். மதியம் அப்பா தொழிற்சாலைக்கும் ஸ்டேஷனுக்கும் அலைந்துகொண்டிருந்திருக்கிறார். இரவு போலீசுக்குப் பேசிவிட்டு ரிசீவரைச் சரியாக வைக்காமல், அதன்மேல் துண்டையும் எறிந்துவிட்டு ஏரிக்குப் போயிருக்கிறார். சுந்தரவல்லி அந்தத் துண்டை நினைத்தாள். அதைத் தூக்கியிருக்கலாம்.

ஆஸ்பத்திரியை விட்டு ஜெயப்ரியாவால் நகர முடியவில்லை. கூட ஒரு ஆள் இருந்தால்தான் சேர்ப்போம் என்றதால், மகள் என்று சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து சேலையூர் காவல் நிலையத்துக்குத் தகவல் போனது. ஆனால் அதில் இருந்தது ஒரு தாயும் மகளும். காணாமல் போன பெண் அல்ல.

"எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

ஜெயப்ரியா கைப்பையின் பட்டையைத் திருகினாள்.

"அவங்க 'ஒன்லி ஒன் வொர்க் ஈஸ் லெஃப்ட்'னு சொன்னாங்க மேடம். நான் 'வொர்க்' தப்பு, 'திங்'னு சொல்லணும்னு திருத்தினேன். தேங்க்ஸ்மான்னு சிரிச்சாங்க. வீட்டுக்குப் போய் அப்படியே ரெக்கார்டும் பண்ணிட்டேன். காலைல ரயில்ல அதையே மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டு வந்தேன். வண்டலூர் வர்றப்போ, திடீர்னு அது இங்கிலீஷா கேக்கல."

குணா ஸ்ரீநிவாசனை வண்டியில் அழைத்து வந்தபோது வெளியே மழை பிடித்திருந்தது. அவர் கையில் குடை இருந்தது. விரிக்காமலே நனைந்து வந்திருந்தார். மகளைப் பார்த்ததும் ஓடிவரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவள்தான் எழுந்து போனாள்.

அழுது ஓய்ந்த பிறகு அவர் சுந்தரவல்லியிடம் திரும்பினார். அந்தக் குரல் சொன்னது எதுவும் இவளுடையது இல்லை, அப்படித்தானே என்றார். ஆமாம் என்றாள். அவர் முகம் தெளிந்தது. பிறகு மறுபடி மங்கியது. இவளுடைய வாக்கியங்கள் எங்கே என்று கேட்டார்.

ஜெயப்ரியா, வேண்டாம்ப்பா என்றாள்.

ஏசுபாதம் அபிதகுஜாம்பாளின் கேசட்டோடு தன் சிறிய டேப் ரெக்கார்டரை குணாவிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். அதைக் கொடுக்கலாமா என்று சுந்தரவல்லி தயங்கினாள். இத்தனை நேரம் பொருந்தாததையெல்லாம் தன்மேல் பொருத்திக்கொண்டவர். பொருந்துவதையும் ஒருமுறை கேட்கட்டும் என்று தோன்றியது. சத்தத்தைக் குறைத்து அவர் காதருகே வைத்தாள். உள்ளே மயங்கிக் கிடந்த பெண்ணின் குரல் வெளியே அவரிடம் பேசியது. குடையைப் பற்றிச் சொன்னது. பிறகு, 'அலோன். அம்மா போனபிறகும் என் அப்பா அலோன் இல்லை, நான் இருக்கிறேன்' என்றது. 'லோன்லி. ஆனால் அவர் லோன்லி. செய்தி முடிந்த பிறகும் டிவியை அணைக்க மாட்டார்.' கடைசியாக, 'ஒன்லி. ஐ ஆம் ஒன்லி எ டாட்டர், நான் வெறும் மகள்தான். இதற்குமேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.'

ஸ்ரீநிவாசன் ரெக்கார்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கதவு திறந்தது. அபிதகுஜாம்பாள் கண் விழித்துவிட்டார், அவருடைய ஆள் யார் என்று நர்ஸ் கேட்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாருமே எழுந்தார்கள், குணா உட்பட. ஒருத்தர் மட்டும்தான் உள்ளே வரலாம் என்றாள் நர்ஸ்.

ஜெயப்ரியா பையை அப்பாவிடம் கொடுக்க நீட்டினாள். அவர் வாங்கினார். விரல்கள் அதன் அடியைத் தடவின. உள்ளே மடித்த குடையின் கம்பிகள் தட்டுப்பட்டிருக்க வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இருக்கட்டும்மா," என்றார் அவர். "அது பைக்குள்ளயே இருக்கட்டும். நான் கொண்டு வந்துட்டே இருக்கேன்."